லயத்து அடுப்பும் குழந்தையின் மூச்சும்

இலங்கையின் குருவிட்டப் பகுதித் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், காம்பரா எனும் ஒற்றை அறையில் பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்தே விறகுப் புகையைச் சுவாசித்து வளர்வது நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். இருமல், சளி, இழுப்பு என்று அந்தக் குழந்தையைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிச் சென்றபோதெல்லாம் போத்தலில் மருந்து கிடைத்தது. காரணம் கேட்டால் மழையையும் ஈரத்தையும் சொன்னார்கள். அடுப்பைச் சுட்டிக்காட்ட வைத்திய உலகத்துக்கே நெடுங்காலம் பிடித்தது. அதற்குள் அந்த லயங்களில் மூன்று நான்கு தலைமுறைகள் பிறந்து வளர்ந்துவிட்டன.

குருவிட்ட, கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ-4 வீதியில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சிவனொளிபாதமலைக்கு எரத்தன வழியாக ஏறுகிறவர்கள் இங்கேதான் பிரதான வீதியை விட்டுத் திரும்புவார்கள். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் இடம் இது. இரத்தினபுரி வட்டாரத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. வயல்வெளிகளில் மாணிக்கக் குழிகள், மேட்டு நிலத்தில் இறப்பர், அதற்கும் மேலே தேயிலை என்பதே இந்த ஊரின் அமைப்பு. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை ஏறியதும் களனிப் பள்ளத்தாக்கிலும் சப்ரகமுவவிலும் காடுகள் வேகமாக அழிந்தன. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1912இல் இரத்தினபுரிவரை நீண்டது. அந்தச் சிறிய பாதையில் இறப்பரும் தேயிலையும் கொழும்புக்குப் போயின. அரிசியும் ஆட்களும் மேலே வந்தார்கள். அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1976இல் மூடப்பட்டது.

நெருப்பு மூட்டிச் சமைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குருவிட்டவுக்கு அருகிலுள்ள படதொம்பலென குகையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய மனிதர்கள் வாழ்ந்த தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. காட்டு ஈரப்பலாவும் கெக்குண விதையும் கரிந்து கிடந்தன. குகைக்கு வாய் அகலம், புகை தானாக வெளியேறிவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அந்த வசதியும் இல்லை.

ஆரம்பகால லயங்கள் மண்சுவரும் மானாப்புல் கூரையுமாக இருந்தன. கூரையில் கசிந்து வெளியேறும் புகை, போகிற போக்கில் புல்லை அரிக்கும் பூச்சிகளையும் விரட்டிவிடும். பிறகு கருங்கல் சுவர் வந்தது, தகரக் கூரை வந்தது. கட்டடம் உறுதியானது, பராமரிப்புச் செலவு குறைந்தது. தோட்ட நிர்வாகத்துக்கு அது முன்னேற்றம். ஆனால் தகரத்துக்குள் புகை கசியாது. ஒற்றை வரிசையில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஓடும் லயமானால் முன்னால் ஒரு கதவும் சின்னதாக ஒரு ஜன்னலும் இருக்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவர் அடுத்த குடும்பத்துக்கும் சுவர் என்பதால் காற்று குறுக்கே ஓட வழியே கிடையாது. பல லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் நடுச்சுவர் கூரைவரை எழும்பவில்லை. இதனால் ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டுக்குக் கேட்கிறது என்று பலரும் குறை சொல்லியிருக்கிறார்கள். புகையும் அதே இடைவெளியால்தான் வீடு மாறியது.

சமைத்த இடம் காம்பராவின் ஒரு மூலை, இல்லாவிட்டால் முன்னாலிருக்கும் தாழ்வாரமான இஸ்தோப்பு. இஸ்தோப்பில் அடுப்பு இருந்தால் கொஞ்சம் நிம்மதிதான். ஆனால் பிள்ளைகள் பெருகி, இஸ்தோப்பையும் சாக்கும் பலகையும் கொண்டு அடைத்து இன்னொரு படுக்கையறையாக்கிய பிறகு அதுவும் மூடிய அறையாகிவிட்டது. அயலில் இருந்த சிங்களக் கிராமங்களிலும் விறகடுப்புத்தான். அங்கே குசினி வீட்டின் பின்பக்கம் தனியாக இருந்தது. அடுப்புக்கு மேலே 'தும் மெஸ்ஸ' என்ற பரண் கட்டி, ஈர விறகையும் கொறுக்காயையும் மிளகையும் புகையில் உலர்த்தினார்கள். புகை அவர்களுக்கும் தொல்லையே. ஆனாலும் தூங்கும் அறையும் சமைக்கும் அறையும் வேறு வேறு. லயத்துக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே அறை.

புகையைக் கையாளத் தோட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் அது நன்றாகவே தெரிந்திருந்தது புரியும். தேயிலை, பக்கத்தில் இருப்பதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். கொழுந்தை உலர்த்தும் சூட்டோடு விறகுப் புகை கலந்துவிட்டால் தேநீரில் புகைநாற்றம் வீசும், கொழும்பு ஏலத்தில் விலை விழும். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 1870களின் பிற்பகுதியில் உருவாக்கிய 'சிரோக்கோ' உலர்த்தி இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. உலையில் எரியும் விறகின் நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்கும். அந்தக் குழாய்களைத் தொட்டுச் சூடான சுத்தமான காற்று மட்டும் தேயிலைக்குப் போகும். புகை தனி வழியாக உயரமான புகைபோக்கி ஏறி மலைக்கு மேலே போய்விடும். குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால்கூட ருசி பார்ப்பவரின் நாக்கு கண்டுபிடித்துவிடும், தோட்டத்துக்குக் கடிதம் வரும். ஸ்டோர் எனப்பட்ட தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் தூரத்திலிருந்தே தோட்டத்தின் அடையாளமாகத் தெரிந்தன.

இறப்பரைப் பதனிடுவதில் இரண்டு வகை இருந்தது. ஒன்று வெள்ளைக் கிரேப். இலங்கை இதற்குப் பேர்போன நாடு. பாலை உறையவைத்து, உருளைகளுக்கிடையே மெல்லியதாக இழைத்து, பல மாடி உலர்த்துக் கூடத்தில் துணிபோலத் தொங்கவிடுவார்கள். அந்த அறைக்குள் சூடான காற்றுத்தான் போகலாம், புகை நுழையக்கூடாது. புகை பட்டால் நிறம் மங்கிவிடும், நிறம் மங்கினால் தரம் இறங்கிவிடும்.

மற்றது புகையூட்டிய ஷீட். இங்கே புகையே தேவை. பால்வாளிகளில் வந்த பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தொட்டியில் ஊற்றி, ஃபோர்மிக் அமிலம் விட்டு உறையவைப்பார்கள். மறுநாள் அது வெண்ணிறப் பலகையாக இறுகியிருக்கும். அதை உருளையில் கொடுத்து வரிவரியாக அழுத்தி, தண்ணீர் வடியவிட்டு, புகையறையின் மூங்கில் கழிகளில் போடுவார்கள். நான்கைந்து நாள் 50 முதல் 60 பாகை வெப்பத்தில் ஷீட் தேன்நிறமாகும். விறகுப் புகையிலுள்ள ஃபீனோல் வகைச் சேர்மங்கள் பூஞ்சணத்தைக் கொல்வதால் கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஷீட் பூக்காது. அமேசன் காட்டில் பால் உருண்டைகளைப் புகையில் காட்டி இறுக்கிய பழைய முறையின் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவம் இது. எவ்வளவு புகை, எவ்வளவு சூடு, காற்றுப்போக்கியை முதல் நாள் எவ்வளவு திறப்பது, மூன்றாம் நாள் எவ்வளவு மூடுவது என்பதெல்லாம் கணக்காக இருந்தது. ஆராய்ச்சி நிலையங்கள் அதற்கு வழிகாட்டிக் குறிப்புகள் எழுதின. புகையறை ஆள் அடிக்கடி உள்ளே போய்ப் பார்ப்பான், உடனே வெளியே வந்துவிடுவான். உள்ளே தங்கக்கூடாது என்பது அவனுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும். பூஞ்சணத்தைக் கொல்லும் அதே புகை, அதே இறப்பர் விறகிலிருந்து, சற்றுத் தள்ளியிருந்த லயத்தில் அளவும் காற்றுப்போக்கியும் இல்லாமல் காலையும் மாலையும் எழும்பிக்கொண்டிருந்தது.

இறப்பர் மரத்தை முப்பது ஆண்டளவில் வெட்டி மறுநடுகை செய்வார்கள். அப்போது நல்ல விறகு கிடைக்கும், பெரும்பகுதி ஸ்டோருக்குப் போய்விடும். லயத்துக்கு வருவது சுள்ளி, கிளை, வேர்க்கட்டை. தேயிலைப் பக்கம் கவ்வாத்தில் வெட்டிய குச்சியான மிலாறு. இது மெல்லியதாகக் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், பச்சையாக எரித்தால் கண்ணைக் கரிக்கும். பெண்களும் பெரிய பிள்ளைகளும் வேலை முடிந்து வரும்போது தலையில் ஒரு கட்டு விறகோடுதான் வருவார்கள். விறகுக்கு வெயில் வேண்டும். குருவிட்டவில் வெயில் அருமையான பண்டம். மே மாதம் தொடங்கும் மழை விட்டுவிட்டு நவம்பர்வரை நீள்கிறது. ஈர விறகு சரியாக எரியாது, முதலில் புகைந்து தன் ஈரத்தைப் போக்கிய பிறகே பற்றும். அந்தப் பொழுதில்தான் புகை அதிகம். அடுப்பண்டையில் குந்தி, ஊதுகுழலால் ஊதி ஊதிப் பற்றவைக்கும் தாயின் முகம் நெருப்புக்கு ஒரு முழத்துக்குள் இருக்கும். இடுப்பிலோ மடியிலோ பிள்ளையும் இருக்கும். மேல்நாட்டுத் தோட்டங்களில் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்துவார்கள். சப்ரகமுவவில் சாத்தவைத்தது சாரல்.

தோட்டத்து நாளின் ஒழுங்கு புகையை இன்னும் நெருக்கமாக்கியது. தப்புப் பறை ஒலித்ததும் விடியுமுன்பே எழுந்து, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் ரொட்டியும் சாயத்தண்ணியும் முடிக்க வேண்டும். இறப்பர் பால் வெட்டுக்கு இன்னும் முந்த வேண்டும், வெயில் ஏறினால் பால் குறையும். அதனால் லயத்தில் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில், இருட்டில், கதவு சாத்தியபடி எரியும். பிள்ளைகள் அப்போது தூக்கத்தில் இருப்பார்கள். மாலையிலும் அப்படியே. கோதுமை மா ரொட்டி தோட்டத்து அன்றாட உணவானபின் அடுப்பு எரியும் நேரமும் நீண்டது. சோறு கொதித்து முடிந்துவிடும். ரொட்டியை ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டு எடுக்க வேண்டும், எட்டுப் பேர் வீட்டுக்கு முக்கால் மணிநேரம் ஆகும்.

கைக்குழந்தை இருந்தது தொட்டிலில். பழைய சேலையைக் கூரை வளையில் கட்டி அறையின் நடுவே தொங்கவிட்ட தொட்டில். புகை மேலெழுந்து தகரத்தடியில் தேங்கி, இடம் நிறைந்ததும் மெல்லக் கீழே இறங்கும். தரையில் குந்தியிருப்பவருக்குக் கிடைக்கும் ஓரளவு தெளிந்த காற்று தொட்டில் உயரத்தில் கிடைப்பதில்லை. எறும்பும் பூரானும் ஏறாமல் பிள்ளையைக் காக்கும் நல்ல ஏற்பாடு அது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பார்த்த ஆபத்து தரையில் இருந்தது.

புகை அடுப்பிலிருந்து மட்டும் வரவில்லை. மின்சாரம் லயங்களுக்கு வந்து சேரும்வரை வெளிச்சம் தந்தது குப்பி விளக்கு. கண்ணாடிச் சிமினி இல்லாத அந்த மண்ணெண்ணெய்த் திரி விடாமல் கரியைக் கக்கும், காலையில் பிள்ளையின் மூக்கைத் துடைத்தால் துணி கறுக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது தமிழ்க் குடும்பங்களில் எங்கும் உள்ள வழக்கம். தலையில் நீர் கோக்காமலிருக்கவும் சளி பிடிக்காமலிருக்கவும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அன்போடு செய்யப்படும் இந்தப் புகையும் நுரையீரலுக்குப் புகைதான் என்பதால் இன்று கிளினிக்குகளில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் வெற்றி பெறுபவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்தான். மழைக்காலத்தில் நுளம்பு விரட்டவும் ஈரத்துணி காயவைக்கவும் புகை உதவியது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலைப் பக்கம் ஊர் ஊராக மக்கள் மாண்டதைக் கண்ட தலைமுறைக்கு நுளம்பை விரட்டுவது சின்ன விஷயமல்ல. ஆகவே புகையை மக்கள் அறியாமையால் சகித்தார்கள் என்று மட்டும் எழுதுவது பாதி உண்மையே.

சின்னக் குழந்தைக்கு இந்தப் புகை ஏன் பெரியவரைவிடக் கேடு என்பதை உடலமைப்பே விளக்கும். பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை 40 முதல் 60 தடவை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உள்ளிழுக்கும் காற்று மிக அதிகம். நுரையீரலின் காற்றறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெகு வேகமாக. மூச்சுக்குழாய் ஒடுங்கியது, கொஞ்சம் வீக்கமும் கொஞ்சம் சளியும் போதும், பாதி அடைபட்டுவிடும். விறகுப் புகையின் நுண்துகள்களில் மிகச் சிறியவை 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த விட்டம் கொண்டவை, தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாத அவை நேரே காற்றறைவரை போகும். சளியை மேலே தள்ளிக் கொண்டுவரும் நுண்மயிர்கள் மந்தமாகின்றன. கிருமிகளை விழுங்கும் உயிரணுக்கள் கரியைச் சுமந்து சோர்கின்றன. வழக்கமான சளி கீழே இறங்கி நியூமோனியாவாவது அப்படித்தான். கர்ப்பிணி சுவாசிக்கும் காபனோரொக்சைட்டு சிசுவுக்குப் போகும் ஒட்சிசனைக் குறைத்துப் பிறப்பு எடையையும் குறைக்கக்கூடும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு நெஞ்சுச்சளி மறுபடியும் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டியின்படி 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகள் ஒரு நாள் சராசரியில் கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் மூடிய அறையில் சமையல் நேரத்து அளவு நூற்றுக்கணக்கில் இருக்கும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

காலனி அரசு தோட்டத்துச் சுகாதாரத்தைக் கவனிக்காமல் இருக்கவில்லை. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கான வைத்தியத் தேவைச் சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் லயங்களைப் பார்வையிடவும் நோயாளிகளைக் கவனிக்கவும் தோட்டங்களைக் கட்டாயப்படுத்தின. 1916இல் ரொக்ஃபெல்லர் நிதியம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அதன் பயனாக மலசலகூடம் பெரிய விவகாரமானது. குடிநீர், கழிவு, கிருமி, புழு, நுளம்பு என்று அந்தக் காலச் சுகாதாரம் கண்ட எதிரிகளுக்கெல்லாம் நுண்ணோக்கியில் முகம் இருந்தது. கொக்கிப்புழுவால் இரத்தம் குறைந்த தொழிலாளி வேலைக்கு வரமாட்டான், அதனால் துரைமாருக்கும் அதில் அக்கறை இருந்தது. இருமும் கைக்குழந்தை பெரட்டுப் புத்தகத்தில் இல்லாத ஆள். சிசு மரணப் பதிவுகளில் நெஞ்சுநோய்கள் முன்வரிசையில் நின்றபோதும் ஈரம், ஊட்டக்குறைவு, தாயின் அசட்டை என்றே விளக்கம் போனது. அந்த ஈரமும் ஊட்டக்குறைவும் மெய்தான். புகை அவற்றோடு சேர்ந்தே வேலை செய்தது என்பதைத்தான் யாரும் எழுதவில்லை.

புகைக்கு எதிராக என்று நினைக்காமலே தோட்டம் செய்த ஒரு காரியம் பிள்ளைக்காம்பரா. தாய் கொழுந்துக்கோ பால் வெட்டுக்கோ போகும்போது பிள்ளையை விட்டுச்செல்லும் இடம் அது. வேலைக்கு ஆகாத வயதான பெண்ணொருத்தி பார்த்துக்கொள்வாள். நீளமான கூடம், வரிசையாகத் தொட்டில்கள், பால்மாக் கஞ்சி. கைகள் வேலைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனாலும் பகலின் பெரும்பகுதி பிள்ளை லயத்து அடுப்பிலிருந்து விலகியிருந்தது. பதிலுக்கு ஒருவர் சளி எல்லோருக்கும் தொற்றியது. கூட்டிக் கழித்தால் எது மிஞ்சியது என்று அக்காலத்தில் யாரும் அளந்து வைக்கவில்லை.

உலகம் புகையைப் பற்றிக் கவலைப்பட்டது முதலில் வீதியில்தான். 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் பிரித்தானியா தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வந்த நாட்டுக் கம்பனிகளுக்குச் சொந்தமான தோட்டங்களும் அப்போது இலங்கையில் இருந்தன, லயங்களுக்குச் சட்டம் எட்டவில்லை. வீட்டு அடுப்பின் மேல் சந்தேகம் விழுந்தது 1968இல். நைஜீரியாவின் லாகோசில் நியூமோனியாவோடு வந்த சிசுக்களின் வீட்டுப் புகையைப் பற்றி சொஃபொலுவே என்ற வைத்தியர் எழுதினார். அதே ஆண்டில் பப்புவா நியூகினி மலைக்குடிசைகளின் காற்றை வேறு இருவர் அளந்து வெளியிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித் என்ற ஆய்வாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே அளவுக்கருவியைப் பொருத்தி அவர்கள் சுவாசிப்பதை அளந்தார். அடுத்து நேபாள மலைக்கிராமங்கள். அடுப்பருகே அதிக நேரம் இருந்த குழந்தைகளுக்குக் கடும் நெஞ்சுநோய் கூடுதலாக வந்ததை 1989இல் அங்கே கண்டார்கள். இலங்கையில் நந்தசேன, ராஜித விக்கிரமசிங்க முதலிய ஆய்வாளர்கள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தத் துறையைத் தொகுத்து வளர்த்தார்கள். ராகமைப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. விறகோ மண்ணெண்ணெயோ எரியும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றோடு சேர்ந்துவரும் ஆஸ்துமா கூடுதலாக இருந்தது.

இதற்கிடையே தோட்டங்கள் கைமாறின. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அவை அரசுடைமையாயின. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டத்துச் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. அவ்வேளை நாட்டின் சராசரி ஏறத்தாழ ஐம்பது. பட்டினியில் உடம்பு தளர்ந்த பிள்ளைக்குச் சளியும் வயிற்றோட்டமுமே எமனாயின. அக்காலத்துக் காம்பராக்கள் 1920களில் இருந்தபடியே இருந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. வீடமைப்பையும் நலன்புரியையும் கவனிக்க, பின்னாளில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாக மாறிய அமைப்பு அதையொட்டி உருவானது. கூரை மாற்றம், பின்பக்கம் இறக்கிய குசினி, புகைபோக்கி வைத்த அடுப்பு என்று சில லயங்கள் திருந்தின. சிசு மரணம் நாட்டுச் சராசரியை நெருங்கி இறங்கியது. அதில் பெரும் பங்கு தடுப்பூசிக்கும் மிட்வைஃபுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கும் உரியது, அடுப்புக்கு அல்ல. 1980களில் அறிமுகமான 'அனகி' என்ற இரட்டைவாய் மண் அடுப்பு விறகைக் கணிசமாக மிச்சப்படுத்தியது. விறகு குறைந்தால் புகையும் குறையும். ஆனால் புகைபோக்கி அதற்கும் இல்லை. காடு அழிவதைத் தடுப்பதே அந்தத் திட்டத்தின் தலையான அக்கறை. குழந்தையின் நெஞ்சு அதற்கு உபரி இலாபம்.

அடுப்பை மாற்றினால் பிள்ளை பிழைக்குமா என்ற நேரடிக் கேள்விக்குப் பதில் தேடிய பெரிய சோதனைகளின் முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததுபோல இல்லை. கோத்தமாலாவில் 2002 முதல் 2004 வரை புகைபோக்கி அடுப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வில் வைத்தியர் உறுதிசெய்த நியூமோனியா தெளிவாகக் குறையவில்லை. கடும் நியூமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் மாவட்டங்களும் கோத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் சேர்ந்த இன்னொரு ஆய்வில் 3,200 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். இந்தியப் பகுதியைச் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. பாதிப் பேருக்கு இலவசமாகக் கேஸ் அடுப்பும் தடையில்லா எரிவாயுவும் போயின. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மற்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. இருந்தும் பிறப்பு எடையிலோ (2022) சிசுக்களின் கடும் நியூமோனியாவிலோ (2024) குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. புகை குற்றமற்றது என்று இதற்குப் பொருளில்லை. 2020இல் வீட்டுப் புகையால் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 2,37,000 குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஒரு வீட்டு அடுப்பை மட்டும் மாற்றினால் போதுமா என்பதே ஆய்வாளர்கள் இப்போது கேட்கும் கேள்வி. வெளிக்காற்றிலும் அயல்வீட்டிலும் புகை இருக்கும்வரை மீதி உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். லயம் இதற்கு நேரான உதாரணம். பத்துக் காம்பராவில் ஒன்று கேஸுக்கு மாறினாலும் மற்ற ஒன்பதின் புகை நடுச்சுவர் தாண்டி வரும். வீடுகளைத் தனித்தனியே எண்ணாமல் லயத்தையே ஓர் அலகாக எடுத்து மாற்றினால்தான் பலன் தெரிய வாய்ப்புண்டு.

2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை வீடுகளில் முக்கால் பங்குக்கு மேல் விறகிலேயே சமைத்தன. அடுத்த பத்தாண்டில் கேஸ் சிலிண்டர் லயங்களுக்கும் வரத் தொடங்கியது. இளம் தாய்மார் காலைத் தேநீரையாவது அதில் போட்டார்கள். 2021 நவம்பரில் நாடெங்கும் சிலிண்டர்க் கசிவால் வெடிப்புகள் நடந்து பயம் பிடித்தது. பின்னாலேயே பொருளாதார நெருக்கடி. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா, ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. மூலையில் கிடந்த அடுப்புக்கற்கள் திரும்ப வந்தன. கொழும்பு மாடிவீடுகளிலும் வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் புயலோடு சேர்ந்து எல்லை கடந்து வந்த மாசுக்காற்று நாட்டை மூடியபோது 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு அரசு விடுமுறை விட்டது. காற்றுக் கெட்டால் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள் என்பது அறிவுரை. வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி அறிவிப்பில் பேச்சில்லை, நகரத்துக்கு அது பொருத்தமான அறிவுரையாகவும் இருந்திருக்கலாம்.

இன்றைய குருவிட்டத் தோட்டங்களில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று வகை அடுப்பு. தண்ணீர் கொதிக்க மின்கேத்தல், சோற்றுக்கு ரைஸ் குக்கர், விருந்தாளி வந்தால் கேஸ், ரொட்டிக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் விறகு. இறப்பர் நிலம் சுருங்கி வருகிறது. வெட்டிய இறப்பர் மரம் தளபாடத்துக்கும் தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கும் நல்ல விலைக்குப் போவதால் லயத்துக்கு எஞ்சுவது கிளிரிசீடியாக் கம்பும் மிலாறும். கொதிகலன் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு புகை வரலாம் என்பதற்கு 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இருக்கிறது; மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதை அளக்கலாம், மீறினால் நடவடிக்கை எடுக்கலாம். லயத்துப் பக்கம் வரும் மிட்வைஃபின் கையிலிருப்பது ஒரு மணிக்கூடுதான். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரையான பிள்ளை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அல்லது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுபட்டால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலை இரத்தினபுரியில் இருக்கிறது. பஸ் பிரதான வீதியில்தான் ஓடும். மேற்பிரிவு லயங்களிலிருந்து அதுவரை இறங்க மழை நாளில் முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும்.